குளியலறைச் சுவர் அழுகிறதா?



இதை வாசிக்க உட்காருமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். உள்பக்கம் வேண்டாம்; அங்கே டைல்ஸ் பளபளவென்று இருக்கும். மறுபக்கம் படுக்கையறையாக இருக்கலாம், குசினியாக இருக்கலாம், வெளி முற்றமாகவும் இருக்கலாம். அங்கே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கிக் கீழ்நோக்கி, பெயின்ட் ஊதி உரிந்திருக்கிறதா? வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? கையை வைத்தால் சில்லென்று ஈரமாக இருக்கிறதா?

"மழை ஈரம்", "கடற்காற்று அப்படித்தான்" என்று நாமே சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். நிலாவெளி போன்ற கடலோர ஊரில் அந்தச் சமாதானம் சுலபமாக எடுபடும். ஆனால் மாரி மழை ஓய்ந்து, கச்சான் காற்று மணலைப் பறக்கடிக்கும் வைகாசி, ஆனி மாதங்களிலும் அந்தச் சுவர் ஈரமாகவே இருந்தால்? அப்போது குற்றவாளி மழையல்ல. உள்ளே ஒரு குழாய் ஒழுகுகிறது.

அநேக வீடுகளில் அந்த ஒழுக்கு ஒரே ஓர் இடத்தில்தான். சுவரிலிருந்து வளைந்து வெளியே வருகிறதே ஷவரின் கைக்குழாய், கடைகளில் "ஷவர் ஆர்ம்" என்பார்களே, அது சுவருக்குள் நுழைந்து மரையில் இறுகும் இடம். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த இணைப்பைச் சரியாகச் செய்யத் தெரிந்து கொண்டால் ஒரு சுவரையே காப்பாற்றலாம். அதைச் செய்ய ஆண்பிள்ளை வர வேண்டும் என்றுமில்லை.

வாளியிலிருந்து ஷவருக்கு

நம் உம்மாமார் கிணற்றடியில் மறைப்புக் கட்டி வாளியால் அள்ளிக் குளித்தவர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் இன்றைக்கும் வாளிதான். வாளிக் குளிப்பில் ஒரு நன்மை உண்டு: எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒழுக்கு என்று ஒன்று இருந்தால் அதுவும் கண் முன்னே தெரியும்.

காலம் மாறிவிட்டது. போர் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளுக்கும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமிக்கும் பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகள் அத்திவாரத்திலிருந்து மறுபடி எழும்பின. வீட்டுக்குள்ளேயே குளியலறை, மேலே தண்ணீர்த் தாங்கி, சுவருக்குள் மறைந்த பிவிசி குழாய், டைல்ஸ், ஷவர் என்று வசதிகள் வந்தன. வளைகுடா நாட்டிலிருந்து கணவரோ மகனோ அனுப்பிய பணத்தில் ஆசையாகக் கட்டிய குளியலறை அது. மறைப்புக் கிடைத்தது, பெண்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் குழாய் சுவருக்குள் மறைந்தபோது ஒழுக்கும் கூடவே மறைந்துவிட்டது.

உள்ளே ஒழுகும் நீர் பெயின்டோடு நிற்பதில்லை. பூச்சு உதிரும். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. ஆகவே அது உள்ளிருந்தே கொங்கிறீட்டைப் பிளக்கும். உப்புக் கலந்த கிணற்று நீரானால் இந்தக் கேடு இன்னும் வேகமாக நடக்கும். சுவரில் மின்சார வயர் ஓடினால் ஆபத்து வேறு. அந்த அறையில் தூங்கும் குழந்தைக்குப் பூஞ்சண வாடையும் இருமலும் வரலாம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே!

"கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, கொஞ்சம் ஒழுகினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நிலாவெளி மண்ணில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தூரத்திலிருக்கும் இந்த ஊருக்கு ஒரு பக்கம் கடல். மறு பக்கம் களப்பும் உப்பளமும். நடுவிலிருப்பது மணல். மாரியில் பெய்த மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது என்பதால் இப்படி மிதக்கிறது. நிலத்தடி நீர் நூல்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பு நீரைத் தள்ளி நிறுத்தும். இதையே திருப்பிப் பாருங்கள். பம்ப் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும்!

சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் இதைக் கண்கூடாகக் கண்டது. கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பம்ப் வைத்து மறுபடி மறுபடி இறைத்தார்கள். 2005இல் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஆராய்ந்துவிட்டு, இப்படி மிதமிஞ்சி இறைப்பது உப்பை மேலும் இழுக்கும், மழை வந்து மெல்லக் கழுவட்டும் என்று அறிவுறுத்தினார்கள். கரையோரக் கிணற்றை அளந்துதான் இறைக்க வேண்டும் என்பது அந்தப் பாடம்.

"ஒழுகுகிற நீர் திரும்ப மண்ணுக்குத்தானே போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். போகும்தான். ஆனால் அதை மேலே ஏற்றிய மின்சாரம் திரும்பி வராது. போகிற வழியில் அது சுவரையும் தின்றுவிட்டுத்தான் போகும்.

நமக்கு இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்து, ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள நீரில் குளித்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். நான்கு முத்து ஒரு ஸாஉ. இன்றைய அளவில் அந்தக் குளிப்பு நீர் முழுவதும் நான்கு லீற்றருக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைக்குப் போகும்போது

ஷவர் ஆர்ம் வாங்கும்போது மினுக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லாமே வெள்ளிபோல மின்னும். மரை வெட்டிய முனையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. கையில் கனமாகவும் இருக்கும். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போங்கள். நன்றாக ஒட்டிக் கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு. கடலோர வீட்டில் அது நீண்ட நாள் நிற்காது. பித்தளை, அல்லது தரமான துருப்பிடிக்காத எஃகுதான் நமக்கு ஏற்றது.

அளவு பெரும்பாலும் அரை அங்குலம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஷவர்களில் சில அமெரிக்க முறை மரை வெட்டியவை. நம் நாட்டில் புழங்குவது பிரித்தானிய முறை. அரை அங்குலக் குழாயில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள்தான்; ஆகவே ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்துவிடும்! ஆனால் மரையின் கோணம் பிரித்தானிய முறையில் 55 பாகை, அமெரிக்க முறையில் 60 பாகை. பொருந்தியது போலத் தோன்றி, பிறகு கசியும். "எத்தனை தரம் பூட்டினாலும் ஒழுகுகிறதே!" என்று நொந்து கொள்ளும் சில வீடுகளில் விஷயம் இதுதான். மச்சான் ஆசையாக வாங்கி வந்ததுதான்; என்ன செய்வது? ஷவர்த் தலையை மட்டும் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். சுவருக்குள் போகும் கைக்குழாயை இங்கே வாங்கிக் கொள்ளுங்கள்.

கூடவே ஒரு சுருள் வெள்ளை த்ரெட் டேப், அரை அங்குல மரை மூடி ஒன்று, பழைய பல்துலக்கி, பழைய துணி. இவ்வளவுதான் தேவை. அந்த மூடி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பூட்டும் முறை

1. தாங்கியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். கீழேயுள்ள பைப்பைத் திறந்து குழாயில் நிற்கும் நீரை வடிய விடுங்கள். வெந்நீர்க் கருவி இருந்தால், அல்லது ஈரச் சுவரில் வயர் ஓடினால், மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்.

2. பழைய கைக்குழாயைச் சுவருக்கு எதிரே நின்று இடப்பக்கமாக, மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். வளைந்த குழாயே நல்ல நெம்புகோல். பெரிய ஸ்பானர் தேவைப்படாது. வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் எல்போ. வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டி வரும். அசையவே மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பிளம்பருக்குரிய வேலை.

3. சுவருக்குள் இருக்கும் மரையை டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய டேப், சணல், சுண்ணாம்புப் படிவு எல்லாவற்றையும் பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, துணியால் ஈரம் துடையுங்கள். பழைய டேப்பின் மேலேயே புது டேப் சுற்றி இறுக்கினால் நிச்சயம் கசியும்.

4. ஒரு வாளியை அடியில் பிடித்துக் கொண்டு வால்வைச் சில விநாடி திறந்து மூடுங்கள். குழாயிலிருந்த மணலும் பிளாஸ்டிக் துகளும் வெளியேறும். நம் கிணற்று நீரில் மணலுக்குப் பஞ்சமில்லை! அது ஷவர்த் தலையின் துளைகளை அடைக்குமுன் போய்விடட்டும். பிறகு மரையை மறுபடி துடையுங்கள்.

5. சுவரில் ஒட்டி நிற்கும் வட்டத் தகட்டை முதலில் கைக்குழாயில் மாட்டுங்கள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு "ஐயோ, தகடு!" என்று தலையில் கை வைக்காத வீடு குறைவு.

6. இப்போது டேப். மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால், பூட்டும்போது டேப் அவிழ்ந்து சுருண்டுவிடும். முனையில் ஒரு மரையை விட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். துளைக்குள் டேப் தொங்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடட்டும். டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். மெல்லிய டேப் என்றால் ஐந்தாறு சுற்று. தடிப்பான டேப் என்றால் மூன்று சுற்று போதும். கடைசியில் விரலால் அழுத்தித் தடவினால் மரையின் வரிகள் டேப்பின் மேல் தெரிய வேண்டும்.

7. முதல் மூன்று, நான்கு சுற்றைக் கையாலேயே பூட்டுங்கள். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி நேராக வையுங்கள். நன்றாக ஏறிய பிறகு வளைவைப் பிடித்து மேலும் இறுக்கி, வாய் நேர் கீழே பார்க்கும்போது நிறுத்துங்கள்.

8. மிக முக்கியமானது இது. வாய் கீழே வரும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், "கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினால் சரி" என்று நினைக்காதீர்கள். பின்னுக்குத் திருப்பிய அந்தக் கணமே டேப்பின் பிடி விட்டுப் போகும். பார்வைக்கு நேராக இருக்கும், உள்ளே ஒழுகும். முழுதாகக் கழற்றி, டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றித் தொடங்குங்கள். டேப் மலிவானது, சுவர் மலிவானதல்ல.

கைக்குழாயின் மரை எட்டவில்லையா?

டைல்ஸ் ஒட்டிய பிறகு சில வீடுகளில் எல்போ மிகவும் உள்ளே போய்விடும். கைக்குழாயின் மரை இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்காது. "டேப்பைக் கொஞ்சம் கூடச் சுத்தினாச் சரி ராத்தா" என்பார் பாஸ். சரியாகாது! இரண்டு மரையில் தொங்கும் குழாயை எவ்வளவு டேப்பும் தாங்காது. அரை அங்குலத்தில் நீட்டிப்புத் துண்டு, பித்தளையில், கடைகளில் கிடைக்கும். அதற்கும் டேப் சுற்றி முதலில் எல்போவில் பூட்டி, பிறகு அதில் கைக்குழாயைப் பூட்ட வேண்டும்.

புது வீடு கட்டுகிறீர்களா? அப்படியானால் சுவர் திறந்திருக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுச் செய்விக்க வேண்டியது வீட்டுக்காரியாகிய நீங்கள்தான்.

ஒன்று: ஷவர் வரும் இடத்தில் முழுப் பிளாஸ்டிக் மரை எல்போ வேண்டாம். உள்ளே பித்தளை மரை பதித்த எல்போ போடச் சொல்லுங்கள். உலோகத்தைப் பிளாஸ்டிக்குக்குள் இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

இரண்டு: அதன் வாய், பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு வரும் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். செங்கல்லோடு சமமாக வைத்துவிட்டால் பிறகு உள்ளே போய்விடும். அத்தோடு அதைச் சீமெந்தில் அசையாதபடி பதிக்க வேண்டும். அது ஆடினால், கைக்குழாயைத் திருகும்போது கீழேயுள்ள பசை இணைப்பு முறியும்.

மூன்று: பசை ஒட்டி முழுதாக ஒரு நாள் காயவிட்டு, வாயை மூடியால் அடைத்து, தாங்கி வால்வைத் திறந்து இன்னும் ஒரு நாள் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பூச்சு. அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்க எந்தப் பாஸும் விரும்பமாட்டார். நீங்கள் விட்டுக் கொடுக்காதீர்கள்.

பூட்டியாயிற்று; ஒழுகவில்லை என்று எப்படித் தெரியும்?

பலர் ஏமாறுவது இங்கேதான். ஷவரைத் திறந்து பார்க்கிறார்கள்; தண்ணீர் பொழிகிறது; சுவர் காய்ந்திருக்கிறது; "அல்ஹம்துலில்லாஹ், சரி" என்று போய்விடுகிறார்கள். ஆனால் தலை திறந்திருக்கும்போது நீர் வெளியே ஓடிவிடுவதால் கைக்குழாயின் இணைப்பில் அழுத்தம் அதிகம் ஏறாது. சிறு ஒழுக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அநேக குளியலறைகளில் ஷவரின் வால்வு கீழே இருக்கிறது. கைக்குழாய் மேலே இருக்கிறது. வால்வை மூடினால் மேலே அழுத்தமே கிடையாது. ஆகவே இந்த இணைப்பு குளிக்கும் நேரத்தில் மட்டும் ஒழுகும். குளித்து முடித்ததும் நின்றுவிடும். இராத்திரி பம்ப் தானாக ஓடுகிறதா என்று காத்திருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காகத்தான் அந்த மூடி வாங்கச் சொன்னேன். ஷவர்த் தலையை மாட்டுமுன், கைக்குழாயின் வாயில் டேப் சுற்றி மூடியை இறுக்குங்கள். வட்டத் தகட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, சுவருக்கும் குழாய்க்கும் இடையில் காய்ந்த பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணியுங்கள். இப்போது ஷவர் வால்வை முழுதாகத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். தாங்கியின் முழு அழுத்தமும் அந்த இணைப்பில் நிற்கும். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. நனைந்திருந்தால் வால்வை மூடி, கழற்றி, மறுபடி டேப் சுற்றுங்கள். தாள் காய்ந்திருந்தும் சுவரின் மறுபக்கம் நனைகிறதென்றால் கோளாறு இன்னும் உள்ளே, பசை இணைப்பில் இருக்கிறது. அதற்குப் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அவர் வரும்போது எங்கே உடைக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியும். பாதிச் சுவர் தப்பும்.

தாங்கி தாழ்வாக இருக்கும் வீடுகளில் அழுத்தம் குறைவு. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஒரு 'பார்' அழுத்தம். ஷவருக்கு மேலே இரண்டு, மூன்று மீற்றர் உயரத்தில் தாங்கி நின்றால் கிடைப்பது அதில் கால் பங்கு அளவே. அந்தச் சிறு அழுத்தத்தில் பொறுத்துக் கொண்டிருக்கும் மோசமான இணைப்பு, நாளைக்குச் சபையின் குழாய்நீரை நேராக இணைக்கும்போது, அல்லது அழுத்தம் கூட்டும் பம்ப் வைக்கும்போது, ஒழுகத் தொடங்கும். "இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தது?" என்று அப்போது வியப்போம். அப்படி எதையாவது மாற்றினால் இந்தத் தாள் சோதனையை மறுபடியும் செய்து கொள்ளுங்கள்.

கடைசியாக ஷவர்த் தலை. அதற்குள் இறப்பர் வாஷர் இருந்தால் நீரைத் தடுப்பது அந்த வாஷர்தான். கையால் இறுக்கி, துணி சுற்றி இன்னும் கால் சுற்று திருகினால் போதும். மிதமிஞ்சி இறுக்கினால் வாஷர் நசுங்கிவிடும்.

வட்டத் தகட்டைச் சுவரோடு ஒட்டச் சிலிக்கன் பூசுவார்கள். பூசுங்கள், ஆனால் மேலேயும் இரு பக்கமும் மட்டும். அடியில் ஒரு சிறு இடைவெளி விட்டுவிடுங்கள். சுற்றிவரப் பூசி மூடினால் என்றைக்காவது ஒழுகும் நீர் வெளியே வர வழியின்றிச் சுவருக்குள்ளேயே இறங்கும். இடைவெளி இருந்தால் தகட்டின் அடியில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அந்தச் சொட்டு உங்களுக்கு வரும் தகவல். அதன் வாயை அடைத்துவிடாதீர்கள்.

சொட்டுச் சொட்டாக...

குளித்து முடித்த பிறகு ஷவர்த் தலையிலிருந்து சொட்டுகிறதா? உடனே கைக்குழாயைக் குறை சொல்லாதீர்கள். தலைக்குள் மிஞ்சிய நீர் சில நிமிடம் சொட்டி நின்றுவிடும், அது இயல்பு. மணிக்கணக்காக நிற்காமல் சொட்டினால் பழுதானது கீழேயுள்ள வால்வின் வாஷர். கைக்குழாயில் எத்தனை டேப் சுற்றினாலும் அது நிற்காது. வாஷரை மாற்ற வேண்டும்.

அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் எவ்வளவு போகும்? அளந்து பாருங்கள். ஒரு பாத்திரத்தை அடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு, 200 மில்லிலீற்றர், சேர்ந்தால் ஒரு நாளைக்கு 4.8 லீற்றர். முன்னே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் முழுக் குளிப்புக்கு எடுத்த நீரைவிட அதிகமான நீர், யாரும் குளிக்காமலேயே, ஒவ்வொரு நாளும் ஓடிப் போகிறது! மாதத்துக்கு 144 லீற்றர்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஈரத் துவாயையும் சாரத்தையும் ஷவர் கைக்குழாயில் தொங்கப் போடாதீர்கள். பிள்ளைகளைப் பிடித்துத் தொங்கவும் விடாதீர்கள். வளைந்த குழாயின் நுனியில் தொங்கும் பாரம், சுவருக்குள் இருக்கும் மரையைத்தான் நெம்புகிறது. எவ்வளவு நன்றாகப் பூட்டிய இணைப்பும் நாள்தோறும் நெம்பினால் தளரும். துணிக்குக் கதவின் பின்னால் ஒரு கொக்கி அடித்துக் கொடுங்கள்.

உங்கள் கையில் இருக்கிறது

கணவர் கத்தாரில், மகன் கொழும்பில், பாஸ் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி இரண்டு கிழமை. இதற்கிடையில் வீட்டில் ஆண்துணை இல்லாத நேரத்தில் அந்நியர் ஒருவர் குளியலறைக்குள் வந்து போவதில் உள்ள சங்கடம் வேறு. இப்படிக் காத்திருந்து காத்திருந்தே பல வீடுகளின் சுவர்கள் ஊறிப் போயின. மாவு குழைக்கவும், தையல் மெஷினில் நூல் கோக்கவும், காஸ் அடுப்பின் ரெகுலேட்டரை மாற்றவும் தெரிந்த கைகளுக்கு இந்த வெள்ளை டேப்பைச் சுற்றுவது பெரிய வித்தையல்ல. தேவையானது கொஞ்சம் பொறுமை. அது நம்மிடம் இல்லாததா?

அடைத்துப் பிடித்த மரையைக் கழற்றுவதும், டைல்ஸை உடைப்பதும், வயர் ஓடும் ஈரச் சுவரைத் தோண்டுவதும் தொழில் தெரிந்தவர்களின் வேலை. அதை அவர்களிடமே விடுங்கள். ஆனால் பார்ப்பது, கேட்பது, சோதிப்பது, காய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் கூலியை முழுதாகக் கொடுக்காமலிருப்பது எல்லாம் வீட்டுக்காரியின் வேலை.

மகள் பெரியவளாக இருந்தால் அவளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்யுங்கள். எந்தத் திசையில் டேப் சுற்ற வேண்டும் என்பதை ஒரு முறை கண்ணால் கண்டவள் மறக்கமாட்டாள். நாளைக்கு அவள் போகும் வீட்டின் சுவரும் காய்ந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

சரி, எழுந்திருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தை இன்னும் பார்க்கவில்லையென்றால், இப்போது போய்ப் பாருங்கள்.